லிப்ட் ஓடாத அடுக்குமாடியில் ‘உருமாற்றம்’ பேசாதீர்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் தேர்தல் பிரச்சாரத்துக்குக் கிடைக்கும் நாள் கொஞ்சம். வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் நடுவே குறைந்தது 11 நாள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. 2023 மாநிலத் தேர்தலில் ஜூலை 29 வேட்புமனு, ஆகஸ்டு 12 வாக்களிப்பு. மொத்தமே இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் உட்கார்ந்து ‘என்ன சொல்லலாம்’ என்று யோசிக்கும் அணி, கடைசியில் தலைமையகத்திலிருந்து வந்த மலாய் வாசகத்தை அவசரமாகத் தமிழாக்கி அச்சகத்துக்கு அனுப்பிவிடும். வேட்புமனுவுக்கு ஒரு மாதம் முன்பே தமிழ் வாக்காளருக்கான பிரச்சார வாசகம் கையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு மட்டும்தான்.

பிறை, பாகான் டாலாம், டத்தோ கெராமாட், பத்து ஊபான் பக்கம் தமிழ்க் குடும்பங்களிடம் எடுபடாமல் போகும் வாசகங்களைக் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே கோளாறுதான் தெரியும். வேட்பாளர் கேட்கும் பதவிக்கும் அவர் கொடுக்கும் வாக்குறுதிக்கும் சம்பந்தம் இருக்காது. பத்து முறை கவுண்டரில் நம்பர் எடுத்து உட்கார்ந்தவருக்கு எந்தக் காரியம் எந்த ஆபீசில் முடியும் என்று வேட்பாளரைவிட நன்றாகவே தெரியும்.

யார் கையில் எது

எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கூட்டரசு (மத்திய அரசு), மாநிலம், ஊராட்சி மன்றம். நிலம் மாநிலத்தின் கையில். ஆகவே கோயில் நிலம், தமிழ்ப்பள்ளிக்கு மாற்று இடம், நிலப்பட்டா, மலிவு விலை வீட்டு ஒதுக்கீடு எல்லாம் மாநிலக் கட்டத்தில் விழும். ஆசிரியர் நியமனம், அரசு கிளினிக், போலீஸ், அடையாளக் கார்டு, குடியுரிமை ஆகியவை கூட்டரசு. ரேப்பிட் பினாங்கு பஸ்ஸை நடத்தும் பிரசரானாவும் கூட்டரசு நிறுவனம்தான். குப்பை, கால்வாய், தெருவிளக்கு, அங்காடிக் கடை லைசென்ஸ் ஆகியவற்றைத் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றமும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றமும் பார்க்கின்றன. அந்த மன்ற உறுப்பினர்களுக்குத் தேர்தல் கிடையாது; மாநில அரசுதான் நியமிக்கிறது. அதனால் குப்பை விஷயத்தில் சட்டமன்ற வேட்பாளர் வாய் திறக்கலாம், ஆனால் ‘அள்ள வைப்பேன்’ என்பதுதான் அவருக்குப் பொருந்தும் சொல். ‘அள்ளுவேன்’ என்று எழுதினால் படிக்கிறவர் சிரிப்பார்.

பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் எடுத்த கதையைப் பாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணம் நீங்கியது. முடிவு எடுத்தது கூட்டரசு. பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத் தினமும் பாலம் ஏறும் தொழிலாளிக்கு இது மறக்காது. சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் இதைத் தன் சாதனை போலப் போஸ்டரில் போட்டால், அடுத்த வரியில் உள்ள உண்மையும் சேர்ந்து கெடும்.

குடியுரிமை இன்னும் சிக்கலானது. நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு (அடையாளக் கார்டு) வயதாகிப்போன பாட்டி இருக்கும் வீட்டில், குடிமக்களுக்கான ‘நீல ஐசி வாங்கித் தருவேன்’ என்பது கொடுக்கக்கூடாத வாக்கு. முடிவு உள்துறை அமைச்சில் இருக்கிறது. வேட்பாளரால் முடிந்தது இவ்வளவுதான்: ‘ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) பாரம் நிரப்ப, பத்திரங்களைச் சரிபார்க்க, எங்கள் சேவை மையத்தில் ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் ஆள் இருப்பார்.’ கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டியின் மகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வாள்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

‘உங்கள் வட்டாரத்தில் என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் எல்லாரும் செய்தியில் கேட்டதைச் சொல்வார்கள்: விலைவாசி, வேலை, இளைஞர்கள். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. ‘கடைசியா எந்த விஷயத்துக்கு ஆபீஸ் ஏறி இறங்குனீங்க? என்ன சொல்லி அனுப்புனாங்க?’ என்று கேளுங்கள். ஒரு குடியிருப்பில் இருபது, இருபத்தைந்து வீடு போதும். மாடி வேறு, வயது வேறு, வேலை வேறு என்று கலந்து பிடியுங்கள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘லிப்ட் மாசத்துல பாதி நாள் படுத்துக்குது, அம்மாவ டயாலிசிஸுக்குத் தூக்கிட்டு எறங்க வேண்டியிருக்கு’ என்று ஒருவர் சொன்னதை ‘போக்குவரத்து வசதிக் குறைபாடு’ என்று குறிப்பேட்டில் ஏற்றினால், நோட்டீசுக்குத் தேவையான சரக்கு அங்கேயே தொலைந்துவிடும்.

பிறகு குறிப்புகளை மேற்சொன்ன மூன்று கட்டத்தில் பிரியுங்கள். போட்டியிடும் தொகுதி சட்டமன்றம் என்றால், மாநிலக் கட்டத்தில் அதிகம் விழுந்த ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருப்பவை செராமா என்ற பிரச்சாரக் கூட்டத்தில் பேச உதவும். நோட்டீசின் தலைப்புக்கு வேண்டாம். ஏழு வாக்குறுதி அடித்த நோட்டீசை வாங்கியவரிடம் மறுநாள் கேட்டால் ஒன்றையும் சொல்ல மாட்டார்.

ஒரே வரி, மூன்று வரைவு

மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று, லிப்ட் பழுது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘மக்கள் நலன் காக்கும் உருமாற்றத் தலைமைத்துவம்.’ இதை எந்தக் கட்சியும் எந்தத் தொகுதியிலும் ஒட்டலாம். குப்பையில் போடுங்கள்.

இரண்டாவது வரைவு: ‘பழுதான லிப்ட்டை மாற்றுவோம்.’ பரவாயில்லை. ஆனால் இரண்டாம் மாடியில் இருப்பவர் உடனே கேட்பார்: யார் காசில்?

இங்கேதான் வேலை தெரிந்தவர் வேண்டும். பினாங்கு மாநில அரசுக்கு அதிகபட்சம் 80 விழுக்காடு பராமரிப்பு நிதி என்று ஒரு திட்டம் இருக்கிறது. மலிவு விலைக் குடியிருப்புகளில் லிப்ட், தண்ணீர்த் தொட்டி, சாயம் பூசுதல் போன்ற பெரிய வேலைகளுக்குச் செலவில் 80 விழுக்காடு வரை மாநிலம் தரும். மீதி குடியிருப்பாளர் பங்கு. 160 வீடு உள்ள புளோக்கில் செலவு இரண்டு லட்சம் ரிங்கிட் என்றால், மக்கள் பங்கு 40,000. வீட்டுக்கு 250. பாதி வீடு பராமரிப்புக் கட்டணமே கட்டாத புளோக் என்றால், ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில் 500 விழும். அந்தப் புளோக்கில் லிப்ட் மாறாததற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இந்த 20 விழுக்காடுதான். அதைத் தொடாத வாசகம் அங்கே எடுபடாது.

மூன்றாவது வரைவு: ‘பி புளோக் லிப்ட். 80 விழுக்காடு மாநில நிதிக்கு விண்ணப்பம், ஆண்டு முடிவதற்குள். உங்கள் பங்கு வீட்டுக்கு 250 ரிங்கிட், பத்து மாதத் தவணையில்.’

இதில் என்னென்ன பார்த்து வைத்திருக்கிறோம் என்று கவனியுங்கள். தேதி விண்ணப்பத்துக்குத்தான், லிப்ட்டுக்கு இல்லை; ஒப்புதல் வேட்பாளர் கையில் இல்லாததால் லிப்ட்டுக்குத் தேதி கொடுக்கக்கூடாது. தவணையைக் குடியிருப்பை நடத்தும் கூட்டு நிர்வாகக் குழுவோடு முன்கூட்டியே பேசி, அவர்கள் சரி என்ற பிறகுதான் அச்சில் போட வேண்டும். ‘உங்கள் 250-ஐ நானே கட்டிவிடுகிறேன்’ என்று எந்த வேட்பாளரும் ஆர்வக்கோளாறில் எழுதிவிடக்கூடாது. ஓட்டுக்காகக் காசு கொடுப்பதும் கொடுப்பதாகச் சொல்வதும் 1954 தேர்தல் குற்றச் சட்டத்தில் லஞ்சம். வெற்றி பெற்றாலும் தேர்தல் மனுவில் பதவி பறிபோகும். அரிசி மூட்டை, பெட்ரோல் கூப்பன் எல்லாம் இதே பேச்சுதான்.

அங்கேயே அடுத்த புளோக்கில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு லிப்ட் பெரிதில்லை, வீடு வேண்டும். பினாங்கில் குறைந்த விலை வீடு 42,000 ரிங்கிட், நடுத்தரக் குறைந்த விலை வீடு 72,500 என்பது நீண்ட காலம் இருந்த விலை. ‘மலிவு வீடு’ என்று மொட்டையாக எழுதாமல் இப்போதைய விலையை எண்ணாகப் போடுங்கள். ‘மலிவு’ என்ற பெயரில் மூன்று லட்சத்துக்கு விற்கும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து அந்தச் சொல்லுக்கு மதிப்பே போய்விட்டது.

எழுத்தா, குரலா

மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதுக்காரருக்கு ஓட்டுரிமை வந்து, பதிவும் தானாக நடப்பதால், இந்தக் கூட்டம் இப்போது வாக்காளர் பட்டியலில் பெரிசு. இவர்களுக்குத் தமிழ் நோட்டீஸ் என்பது வேட்பாளர் முகம் போட்ட தாள், அவ்வளவுதான். முப்பது விநாடிக் காணொளி, பேச்சுத் தமிழில், கீழே மலாயில் வரி. இதுதான் சேரும். பேச்சு பினாங்குப் பேச்சாக இருக்கட்டும். சென்னைப் படத்து பஞ்ச் வசனம் அரங்கில் கைதட்டல் வாங்கும். லிப்ட் பற்றி நம்பிக்கை தராது.

ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்னும் தாளைக் கையில் பிடித்துத்தான் படிக்கிறார்கள். தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டாலும் மீதி நாளேடுகளைக் காப்பிக் கடையில் பிரித்துப் படிக்கும் வயது அது. அவர்களுக்கு எழுத்து பெரிதாக, வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும்.

எந்த வட்டாரத்தில் எந்த வயது எப்படி ஓட்டுப் போட்டது என்று ஊகிக்கத் தேவையில்லை. நம் நாட்டில் வாக்களிப்பு மையத்தில் சாலுரான்கள், அதாவது வாக்களிப்பு வரிசைகள், வயதுப்படி பிரிகின்றன. முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசி சாலுரானில் இளையவர்கள். ஒவ்வொரு சாலுரானின் எண்ணிக்கையும் போராங் 14 என்ற முடிவுப் பாரத்தில் தனியாக இருக்கும். கட்சியின் எண்ணுமிடப் பிரதிநிதிகள் வாங்கி வைத்த பழைய போராங் 14-களைத் தேடி எடுங்கள். ஒரு பள்ளியில் முதல் சாலுரானில் நன்றாக வாங்கிக் கடைசி இரண்டில் சரிந்திருந்தால், அந்த வட்டாரத்துக்கு இன்னொரு ஆயிரம் நோட்டீஸ் அடிப்பது வீண் செலவு. குரலுக்கும் காணொளிக்கும் போங்கள். அஞ்சல் வாக்கும் முன்கூட்டிய வாக்கும் இதில் தனிக் கணக்கு. போலீஸ், ராணுவக் குடும்பங்கள் உள்ள தொகுதியில் அதை மறந்து கணக்குப் போட்டால் தப்பாகும்.

பிள்ளை சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்கிறான், ஐசி முகவரி அம்மா வீடு. தானியங்கிப் பதிவால் ஓட்டு இங்கேதான். அவனுக்கு நேரே அனுப்பும் செய்தியைவிட, அம்மா அனுப்பும் செய்தி வேலை செய்யும். ஆகவே அம்மாவுக்கு ஒன்று தனியாக எழுதுங்கள்: வாக்களிப்பு நாள், பள்ளி, ‘டிக்கெட் இப்பவே போட்டுடு’. இதில் கட்சிப் பெருமை ஒரு வரிகூட வேண்டாம்.

அச்சகத்தில் நடக்கும் விபத்து

தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கையில் வாசகம் போகும்போது ‘கொ’, ‘கே’, ‘கை’ எல்லாம் சிதறும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைப் போடாமல் மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். திரையில் யாருக்கும் தெரியாது, ஐயாயிரம் தாள் அடித்த பிறகுதான் தெரியும். நீங்களே ஒரு பிடிஎஃப் எடுத்து அதையும் கூட அனுப்புங்கள். வடிவமைத்து முடித்ததும் எழுத்தை உருவமாக மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வரும் மாதிரித் தாளைத் தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். ‘சின்னத் திருத்தம்தானே’ என்று கடைசி நேரத்தில் வடிவமைப்பாளர் தட்டச்சு செய்யும் ஒரு சொல்தான் எப்போதும் காலை வாரும்.

பதாகைக்குக் கணக்கு எளிது. மூன்று மீட்டர் தூரத்துக்கு எழுத்து ஒரு அங்குல உயரம். முப்பது மீட்டர் தள்ளி வருகிற மோட்டார் சைக்கிள்காரர் படிக்க வேண்டுமானால் பத்து அங்குலம். தமிழ்ச் சொற்கள் நீளம். அந்த உயரத்தில் நான்கு சொல்லுக்கு மேல் ஒரு பதாகை தாங்காது. தடித்த எழுத்துருவில் புள்ளி மேல் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ‘க்’ வெறும் ‘க’ ஆகிவிடும். நடுத்தரத் தடிமன் போதும்.

ஒவ்வொரு அச்சுப் பொருளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம். சிறு எழுத்தில் கீழே ஒரு வரிதான், ஆனால் விட்டுப்போனால் குற்றம். தொண்டர் ஒருவர் நல்லெண்ணத்தில் வீட்டுப் பிரிண்டரில் அடித்த தாளுக்கும் இது பொருந்தும்.

வாசலில்

‘வணக்கம், நாங்கள் இன்ன கட்சி வேட்பாளர் சார்பாக வந்திருக்கிறோம்’ என்று தொடங்கினால் இரும்புக் கதவு திறக்காது. ‘வணக்கம்மா, பி புளோக் லிப்ட் விஷயமா வந்திருக்கோம், ஒரு நிமிஷம்’ என்றால் நிற்பார்கள். அடுத்து வருவது அநேகமாக இதுதான்: ‘போன தடவையும் இதேதான் சொன்னாங்க தம்பி.’ வாதம் செய்யாதீர்கள். ‘ஆமாம்மா, சொன்னாங்க. விண்ணப்பம் போட்டாங்களான்னு உங்க கமிட்டியில கேட்டோம், போடலன்னாங்க. இதோ அந்தப் பாரம், கமிட்டி தலைவர் கையெழுத்து மட்டும் பாக்கி.’ உண்மையிலேயே கேட்டிருந்தால், உண்மையிலேயே பாரம் கையில் இருந்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கதவிடுக்கில் நீட்டிக் காட்டுவதற்கு ஈடான வாசகத்தை யாரும் எழுத முடியாது. மொத்தம் மூன்று நிமிடம். டீ கொடுத்தால் மட்டும் உட்காருங்கள்.

நேரமும் பாருங்கள். பாயான் லெப்பாஸ், பிறைத் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் சாதாரணம். ஏழு மணிக்கு வேலை முடிந்து பஸ் ஏறுகிறவர் புலனத்தை (வாட்ஸ்அப்) திறப்பது ஏழரைக்கு. செய்தி அப்போது போய்ச் சேரட்டும். 2023 தேர்தல் ஆடி மாதத்தில் வந்தது. ஆடி வெள்ளி மாலையில் வீடு வீடாகப் போனால் பூட்டைத்தான் பார்க்கலாம், எல்லாரும் கோயிலில். அங்கே போய் நோட்டீஸ் நீட்டினால் பூசை நேரத்தில் முகம் சுளிப்பார்கள்; அன்றைக்குத் தொண்டர்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

புலனத்தில் வாசகத்தின் முதல் இரண்டு வரியிலேயே காரியம் முடிய வேண்டும். ‘மேலும் வாசிக்க’ என்பதை அழுத்துகிறவர் குறைவு. குரல்பதிவு நாற்பது விநாடிக்குள். அதை வேட்பாளர் பேசுவதைவிட, அந்தப் புளோக்கில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அக்கா பேசினால் குடும்பக் குழுக்களுக்குள் தானாகப் போகும்.

வதந்தி வந்தால்

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாதீர்கள். தொடர்பில்லாத மூன்று பேர் தாங்களாகவே கேட்டால் பதில் சொல்லுங்கள், அன்றைக்கே. முதல் வரியில் நடப்பைச் சொல்லுங்கள். வதந்தியின் வார்த்தையைத் தலைப்பில் போட்டால், அதைக் கேட்டிராதவருக்கும் நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்ததாகும். ‘கோயிலை உடைக்கப் போவதாகக் கூறுவது பொய்’ என்பதைவிட, ‘கோயில் நிலம் இன்ன அறங்காவலர் பெயரில் இருக்கிறது, இதோ பத்திரம்’ என்பது மேல்.

தமிழில் எழுதினால் நம்மவர் மட்டும்தான் படிப்பார்கள் என்ற நினைப்பு இன்னும் பலரிடம் இருக்கிறது. நாட்டில் இந்தியர்கள் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. தமிழ் நோட்டீசின் படம் அரை மணி நேரத்தில் மலாய்க் குழுவில் மொழிபெயர்ப்போடு சுற்றும். இன்னொரு இனத்தைச் சீண்டும் வரி தேர்தல் குற்றச் சட்டத்தின் 4ஏ பிரிவிலும், இணையத்தில் போட்டால் 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்திலும் மாட்டும். இனம், மதம், அரச குடும்பம் என்ற ‘மூன்று ஆர்’ விவகாரம் ஒருபுறம் இருக்கட்டும். தமிழில் ஒரு வாக்கு, மலாயில் வேறு வாக்கு என்று இருப்பதே ஆளைக் கவிழ்க்கும். அச்சுக்கு முன் தமிழ் நோட்டீசை மலாய், சீனத் தொண்டர்களிடம் வரிக்கு வரி சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் நெளிகிற வரியை எடுத்துவிடுங்கள்.

சோதிப்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம். நோட்டீஸ் கொடுத்த மறுநாள் பத்து வீட்டுக்குப் போன் போடுங்கள்: ‘நேத்து வந்த தாள்ல என்ன போட்டிருந்துச்சு?’ ஆறு பேராவது லிப்ட், 250 என்று சொன்னால் தொடருங்கள். ‘யாரோ ஒருத்தர் போட்டோ’ என்றால் மறுபடி எழுதுங்கள்.

வாக்களிப்பு நாளுக்கு முந்தைய இரவு 11.59-க்குப் பிரச்சாரம் முடிகிறது. கடைசிச் செய்தி அன்று மாலையே போக வேண்டும். அதில் பள்ளியின் பெயர், சாலுரான் எண், வாக்களிப்பு நேரம், மைகார்ட் எடுத்துச் செல்லுங்கள், இவ்வளவே. எஸ்பிஆர் (தேர்தல் ஆணையம்) இணையத்தளத்தில் ஒவ்வொருவர் ஐசி எண்ணையும் அவரவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் போகும் பள்ளி மாறியிருக்கலாம். மறுநாள் கட்சிச் சின்னம் போட்ட சட்டையோடு மையத்துக்குப் போக வேண்டாம் என்று தொண்டர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

செலவு உச்சவரம்பு சட்டமன்றத்துக்கு ஒரு லட்சம் ரிங்கிட், நாடாளுமன்றத்துக்கு இரண்டு லட்சம். தமிழ், மலாய், சீனம் மூன்றும் ஒரே கணக்கில்தான் ஏறும். முடிவு அரசாங்கப் பதிவேட்டில் வெளியான 31 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் அடித்த ஒவ்வொரு நோட்டீசிலும் ஒரு பிரதியை அதன் பில்லோடு சேர்த்துக் குத்திக் கோப்பில் வையுங்கள். ‘ஆண்டு முடிவதற்குள் விண்ணப்பம்’ என்று அச்சடித்த தாளும் அந்தக் கோப்பில்தான் இருக்கும். வேட்பாளர் ஜெயித்தால் சேவை மையத்தில் முதல் நாள் திறக்க வேண்டிய கோப்பும் அதுதான்.